அலங்காரம் ஏன் அப்புவை அனுப்பினாள்?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில், 'என்னை யோசிக்க வைத்த புத்தகம்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் 2009-ல் சிவில் முடித்து வெளியே போனவன். இப்போது நீர்வளத் துறையில் வேலை. மதகு, ஷட்டர், கரை, முறைப்பாசனம், லஸ்கர் வரவில்லை என்று விவசாயிகள் போடும் சத்தம் - இதுதான் என் அன்றாடம். இப்படிப்பட்டவனைப் பிடித்து 'ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசு' என்றால் என்ன செய்வது? கான்கிரீட் டெக்னாலஜி பற்றிப் பேசலாம்தான். ஆனால் அதில் என்னை யோசிக்க வைத்தது பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும். (சிரிப்பு)

பல வருஷமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் புத்தகம் ஒன்று உண்டு. தி. ஜானகிராமன் எழுதிய 'அம்மா வந்தாள்'. 1966-ல் வந்த நாவல். இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டலில் ரூமுக்கு ரூம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய பிரதி, அட்டை போய், முதல் சில பக்கம் போய், என் கைக்கு வந்தது. ஒரே மூச்சில் படித்தேன். படித்து முடித்ததும் மனசில் ஒரு கேள்வி விழுந்தது. இன்னும் அது அங்கேயே கிடக்கிறது. அதைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் எடுத்து வைக்கிறேன்.

முதலில் ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை. தி. ஜானகிராமன் நம்ம ஊர்க்காரர். 1921-ல் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு ஆகாசவாணியில் உத்தியோகம். 1979-ல் 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுதிக்கு சாகித்ய அகாதமி விருது வாங்கினார். 1982-ல் காலமானார். 1995-ல் சினிமாவாக வந்த 'மோகமுள்' இவர் எழுதியதுதான். நண்பர் சிட்டியோடு சேர்ந்து காவிரிக் கரையோரமாகவே பயணம் செய்து 'நடந்தாய் வாழி காவேரி' என்று ஒரு புத்தகமும் எழுதினார். காவிரித் தண்ணீரை அளப்பது எங்கள் வேலை. அதன் ருசியை எழுதினவர் அவர்.

'அம்மா வந்தாள்' படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'முடிவைச் சொல்லிட்டீங்களே' என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முடிவு தெரிந்த பிறகும் படிக்க வைக்கிற புத்தகம் இது.

காவிரிக் கரையில் ஒரு வேத பாடசாலை. பவானியம்மாள் என்ற விதவை அம்மாள் நடத்துகிறாள். சென்னையிலிருந்து அங்கே சின்னப் பையனாக வந்து சேர்ந்த அப்பு, பதினாறு வருஷம் படித்துவிட்டான். படிப்பு முடிகிறது, வீடு திரும்பவேண்டிய நேரம். பவானியம்மாளின் உறவுப்பெண் இந்து, சின்ன வயசிலேயே கணவனை இழந்து அங்கே இருக்கிறவள். அவளுக்கு அப்புவின் மேல் உயிர். அவள் அதைச் சொல்லும்போது அப்பு மறுக்கிறான். அந்தப் பேச்சில் அவன் தன் அம்மாவை இழுக்கப்போக, இந்துவுக்குக் கோபம் வந்து, அவன் அம்மாவைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததும் அவனுக்கு மட்டும் தெரியாததுமான ஒரு விஷயத்தை உடைத்துவிடுகிறாள்.

அப்பு சென்னைக்குப் போகிறான். அம்மா அலங்காரம். பெயருக்கேற்ற அழகு, பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும் கம்பீரம். அப்பா தண்டபாணி பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிறவர். ஜோசியமும் வேதாந்தமும் தெரிந்தவர். வீட்டுக்குச் சிவசு என்று ஒருவர் வந்து போகிறார். அப்புவுக்குப் பின்னால் பிறந்த குழந்தைகள் சிவசுவின் பிள்ளைகள். தண்டபாணிக்குத் தெரியும். மூத்த பிள்ளைகளுக்குத் தெரியும். யாரும் ஒன்றும் பேசுவதில்லை. வீடு தன்பாட்டுக்கு நடக்கிறது. அப்பு அங்கே இருக்க முடியாமல் மறுபடி காவிரிக் கரைக்கே திரும்புகிறான். பாடசாலையும் இந்துவும் அவன் பொறுப்பு ஆகிறது. அவனைத் தேடி அம்மா வருகிறாள். 'அம்மா வந்தாள்' என்பது அந்த வருகைதான். வந்தவள், தான் நினைத்தது நடக்காது என்று தெரிந்துகொண்டு, காசிக்குப் புறப்பட்டுப் போகிறாள்.

என்ன நினைத்தாள்? அதை அவளே சொல்கிறாள். இந்தப் பிள்ளையை வேதம் படிக்க வைத்து, அவன் ரிஷி மாதிரி ஆகி வந்து நின்றால், அவன் காலில் தன் பாவத்தைப் போட்டு எரித்துவிடலாம் என்பது அவள் எண்ணம். அதற்காகத்தான் எத்தனையோ பிள்ளைகளில் இவனை மட்டும் அனுப்பினாள்.

இங்கேதான் என் கேள்வி. பாவம் என்று நினைக்கிறவள் அதை ஏன் நிறுத்தவில்லை? பாவம் இல்லை என்று நினைக்கிறவள் பரிகாரத்துக்கு ஏன் பிள்ளையை அனுப்பினாள்?

ஹாஸ்டலில் இதைப் பற்றி ராத்திரி ராத்திரியாகச் சண்டை போட்டிருக்கிறோம். மூன்று கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி, 'அவ கெட்டவடா, அவ்வளவுதான்' என்றது. சுலபமான தீர்ப்பு. ஆனால் புத்தகம் இதற்கு ஒத்துழைக்க மறுக்கிறது. அலங்காரம் பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை. புருஷனை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. பணத்துக்காகப் போனாள் என்றும் காட்ட முடியவில்லை. குடும்பத்தைத் தாங்குகிற தூணும் அவள்தான். வெறும் கெட்டவளுக்கு வேதம் எதற்கு? வெறும் கெட்டவள் கடைசியில் காசிக்கு எதற்குப் போகிறாள்?

இரண்டாவது கட்சி, 'பாவம், அவ என்ன செய்வா? புருஷன் சரியில்ல' என்றது. தண்டபாணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அதற்கும் புத்தகத்தில் இடம் இருக்கிறது. ஊரார் எழுத்தில் உள்ள பிழையையெல்லாம் ராத்திரி கண் விழித்துத் திருத்துகிறவர், தன் வீட்டில் மட்டும் ஒரு கோடு போடவில்லை. அந்த உத்தியோகத்தை ஜானகிராமன் சும்மா அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் தண்டபாணி கொடுமைக்காரர் இல்லை. தெரிந்தும் பொறுத்துக்கொண்டு, உள்ளே வெந்துகொண்டு இருக்கிற மனுஷன். மேலும், எல்லாம் புருஷன் செய்த தப்பு என்று சொல்லிவிட்டால், அலங்காரத்துக்குத் தன்னிஷ்டம் என்று ஒன்று இல்லை என்று ஆகிவிடுகிறது. அவளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. யாரோ தள்ளிவிட்டு விழுந்தவள் மாதிரி அவள் நடப்பதே இல்லை.

மூன்றாவது கட்சி, 'அவளே சொல்லிட்டாளே, பரிகாரம்' என்றது. நான் ரொம்ப நாள் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஆனால் வேலைக்கு வந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. கரையில் கசிவு இருக்கிறது என்றால், முதலில் கசிவை அடைப்போம். கசிவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே தண்ணீர் பிடிக்கத் தொட்டி கட்டுகிறவரை என்னவென்று சொல்வோம்? ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினாறு வருஷம்! இது வெறும் பரிகாரம் என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய்விட்டு வருவோம். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் எழுதிய பெண் எழுத்தாளர் ஒருவர் இருந்தார். சொந்தப் பெயர் மேரி ஆன் எவன்ஸ். அவர் 1866-ல் 'ஃபீலிக்ஸ் ஹோல்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். 'அம்மா வந்தாள்' நாவலுக்குச் சரியாக நூறு வருஷம் முந்தியது. அதில் மிஸஸ் டிரான்ஸம் என்று ஒரு அம்மா. பெரிய பண்ணை வீடு. கணவர் புத்தி மங்கி, காய்ந்த பூச்சிகளை அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். பண்ணையை ஆள்கிறவள் அவள்தான். பதினைந்து வருஷம் வெளிநாட்டில் இருந்த மகன் ஹெரால்ட் வீடு திரும்புகிறான். அவன் உண்மையில் அந்தக் கணவருக்குப் பிறந்தவன் இல்லை, குடும்ப வக்கீல் ஜெர்மினுக்குப் பிறந்தவன். அது தெரியாமல் ஹெரால்ட் அந்த வக்கீல்மேலேயே வழக்குப் போடக் கிளம்புகிறான். கடைசியில் நாலு பேர் இருக்கிற இடத்தில் 'நான்தான் உன் அப்பன்' என்று வக்கீல் சொல்லிவிடுகிறார். பக்கத்துக் கண்ணாடியில் இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிகிறது.

பாருங்கள், எவ்வளவு ஒற்றுமை! பல வருஷம் தள்ளியிருந்து திரும்பும் மகன், ரகசியம் உள்ள அம்மா, ஒதுங்கிப்போன கணவர். ஜானகிராமன் அந்த நாவலைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டில் இருக்கக்கூடிய விஷயம் இன்னொரு வீட்டிலும் இருக்கும், அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது வித்தியாசம். எலியட் அந்த அம்மாவின் மனசுக்குள் நம்மை அழைத்துப் போகிறார். அவளுடைய பயம், கசப்பு, மகன் தன்னை ஒரு அலங்காரப் பொருள் மாதிரி உட்கார வைத்துவிட்டானே என்ற ஆற்றாமை, எல்லாம் நமக்குத் தெரிகிறது. அதனால் அவளைப் பற்றிப் புதிர் என்று ஒன்றும் இல்லை. பரிதாபம்தான் இருக்கிறது.

ஜானகிராமன் அப்படிச் செய்யவில்லை. அலங்காரத்தை நாம் பெரும்பாலும் அப்புவின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். சில இடங்களில் தண்டபாணியின் நினைவு வழியாகப் பார்க்கிறோம். அவள் மனசின் கதவு நமக்குத் திறப்பதே இல்லை. அப்பு அம்மாவைப் பார்க்கிறான், தவிக்கிறான், வெறுக்க முயற்சி செய்கிறான், முடியவில்லை. ஆனால் ஒரு நாளாவது எதிரே உட்கார்ந்து 'ஏம்மா?' என்று கேட்டானா? அந்த வீட்டில் யாருமே அலங்காரத்தை அப்படிக் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை. நமக்கு அவள் புதிராக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'மும் நம்ம காவிரிப் பக்கத்துச் சரக்குதான். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-ல் வெளிவந்தது. அதிலும் ஒரு அம்மா வருகிறாள். அறிவுள்ளவள், பிள்ளைக்குப் படிப்பின் அருமையை எடுத்துச் சொல்கிறவள். குறையே சொல்ல முடியாத அம்மா. அங்கே புதிருக்கு இடமில்லை. அங்கிருந்து எண்பத்தேழு வருஷம் கழித்து, அதே தண்ணீர் குடித்த இன்னொருவர், குறையுள்ள ஒரு அம்மாவை எழுதிவிட்டு, அவளை வணங்கச் சொல்லவும் இல்லை, கல்லெறியச் சொல்லவும் இல்லை. புத்தகம் வந்த காலத்தில் பலருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, 'அப்புவின் தாயின் பாவங்கள்' என்று பொருள் வரும்படி தலைப்பு வைத்தார்கள். தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! ஜானகிராமன் வைத்த தலைப்பில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அம்மா வந்தாள். அவ்வளவுதான்.

சரி, உன் பதில் என்ன என்று கேட்பீர்கள். இலக்கியம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் ஆற்றங்கரையில் நிற்கிறவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி, இன்னொன்று கொள்ளிடம். கல்லணைக்கு வந்தால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பாசனத்துக்குப் பிரிகிறது. வெள்ளம் வந்தால் என்ன செய்கிறோம்? வயலுக்குப் போகிற ஆறுகளில் அளவாக விட்டுவிட்டு, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் திருப்புகிறோம். பெயரைப் பாருங்கள், கொள்ளிடம். ஊர் பிழைப்பதற்காக, மிஞ்சுகிற வெள்ளத்தை வாங்கிக்கொள்கிற இடம்.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கொள்ளிடம் இருக்கிறது. வீட்டில் யாராலும் தாங்க முடியாததை யாரோ ஒருவர் வாங்கிக்கொள்கிறார். அலங்காரம் வீட்டில் கொஞ்ச காலம் அது தண்டபாணி. ஆனால் அவருக்கும் கொள்ளளவு உண்டு. அதனால் அவள் அப்புவைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் அப்பு? அவன்தான் தண்டபாணிக்குப் பிறந்த கடைசிப் பிள்ளை. அவன் வரைக்கும் அவள் கணக்கு நேராக இருந்தது. அவள் வாழ்க்கையில் கோடு மாறுவதற்கு முந்தின கடைசிப் பக்கம் அவன். அந்தப் பக்கத்தைக் கறை படாமல் கிழித்துப் பத்திரமாக எங்கேயாவது வைத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வேதம், காவிரிக் கரை, பவானியம்மாள், இதைவிடப் பத்திரமான இடம் ஏது?

அதோடு இன்னொன்றும் உண்டு. பத்திரமான இடத்தில் வைக்கும்போதே, தன்னைப் பார்க்காத தூரத்திலும் வைத்தாள். யார் கண்ணால் பார்த்தால் தன்னால் தாங்க முடியாதோ, அந்தக் கண்ணைத்தான் பதினாறு வருஷம் வெளியே அனுப்பினாள். பிள்ளையைக் காப்பாற்றவும் அனுப்பினாள், பிள்ளையிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் அனுப்பினாள். இரண்டும் ஒரே செய்கை. ஒன்றைப் பொய் என்றும் இன்னொன்றை நிஜம் என்றும் நம்மால் பிரிக்க முடியாது. குந்தியும் தன் ரகசியத்தை ஆற்றில்தான் விட்டாள். அது குழந்தை பிழைக்கவா, தான் பிழைக்கவா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

ஆனால் கொள்ளிடத்துக்கும் ஒரு நாள் வரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கம், ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டியது. 182 வருஷம் வெள்ளத்தை வாங்கி வாங்கி நின்ற கட்டுமானம். அப்பு பதினாறு வருஷம் நின்றான். அதற்கு மேல் அவன் அம்மாவின் மிச்சத்தை வாங்கிக்கொள்கிற இடமாக இருக்க மறுத்தான். ரிஷி ஆகவில்லை. இந்துவின் பக்கம் போனான். சாஸ்திரம் போட்ட கோட்டைத் தாண்டி, தன் மனசு சொன்னபடி நின்றான். அதாவது, அம்மாவின் பிள்ளையாகவே ஆனான்.

வந்து பார்த்த அலங்காரத்துக்கு இது புரிகிறது. அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஏமாற்றத்தில் பிள்ளையை அவள் சபிக்கவில்லை. இனி தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு காசிக்குப் போவது என்று முடிவு செய்கிறாள். முதல் தடவையாகத் தன் வெள்ளத்தை இன்னொருத்தர் பக்கம் திருப்பாமல் தானே வாங்கிக்கொள்கிறாள். என் மனசில் அலங்காரம் உயர்ந்து நிற்கிற இடம் அதுதான்.

இதையெல்லாம் இந்த விழாவில் ஏன் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் எல்லாருமே யாரோ ஒரு அம்மா அனுப்பி வந்தவர்கள்.

எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நடுத்தர விவசாயக் குடும்பம். 2002-லிருந்து சில வருஷம் காவிரியில் தண்ணீர் சரியாக வராமல் குறுவை போயிற்று, சம்பாவும் தள்ளாடியது. 2005-ல் நான் இங்கே சேர்ந்தபோது அம்மாவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. சேரும் முன்பு அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்கள்: 'தம்பி, நீ சேத்துல கால் வைக்கப்படாது.' படித்தேன், பெங்களூரில் வேலைக்குப் போனேன். அப்புறம் பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தேன். போட்ட இடம் எது? ஆற்றங்கரை. முதல் வாரமே மதகடியில் முழங்கால் சேற்றில் நின்றேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 'இதுக்கா இம்புட்டு செலவு பண்ணினேன்' என்றார்கள்.

கொஞ்ச நாள் பொறுத்து, ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து கேட்டேன். 'அம்மா, என்னை எதுக்குப் படிக்க அனுப்பினீங்க?' நான் எதிர்பார்த்த பதில், 'நீ நல்லா இருக்கணும்னுதான்' என்பது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: 'இந்த வீட்டை விட்டு வெளிய போயி ஒரு வேலை பாக்கணும்னு எனக்கு ஆசை. எங்கப்பா பத்தாவதோட நிறுத்திக் கட்டிக் குடுத்துட்டாரு. எனக்குத்தான் போக முடியல, நீயாச்சும் போவன்னு அனுப்பினேன்.'

அத்தனை வருஷம் அம்மாவுக்கு என்று ஒரு ஆசை தனியாக இருந்ததே எனக்குத் தெரியாது. அம்மா என்றால் சாதம், அம்மா என்றால் அடகுச் சீட்டு, அம்மா என்றால் தியாகம் என்றுதான் மனசில் வைத்திருந்தேன். என் அம்மாவுக்கும் அலங்காரத்துக்கும் வாழ்க்கையில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தனக்கு நடக்காததைப் பிள்ளை மூலமாக நடத்திக்கொள்ளப் பார்த்ததில் இரண்டு பேரும் ஒன்று. அது பெருங்குற்றம் இல்லை. உலகத்தில் பாதிப் படிப்பு அப்படித்தான் நடக்கிறது. பிள்ளை அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் முக்கியம்.

தெரிந்துகொண்டால் என்ன லாபம் என்று கேட்கலாம். இரண்டு லாபம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, பாரம் குறைகிறது. உங்களில் சிலர் பிடிக்காத பிரிவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நானும் அந்த ஹாஸ்டலில் இருந்தவன். 'அப்பா அம்மாவுக்காகத்தான் படிக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லி உள்ளே கோபத்தைச் சேர்த்துவைக்கிறீர்கள். அந்த அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், எதற்காக அனுப்பினாய் என்று. குறுக்கு விசாரணை மாதிரி வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வரும் பதில் நீங்கள் சுமக்கிற பாரத்தைவிடச் சின்னதாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும், தூக்குவது என்ன எடை என்று தெரிந்து தூக்குவது நல்லது. டிசைன் படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு, அம்மா ஒரு ஆளாகத் தெரிவாள். டெல்டாவில் 2012-லிருந்து 2019 வரைக்கும் எந்த வருஷமும் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடி அந்தத் தேதியில் திறந்தார்கள். அந்த எட்டு வருஷத்தில் இங்கே எத்தனை அம்மாக்கள் என்னென்ன கணக்குப் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் அன்பும் இருக்கும், பயமும் இருக்கும், பங்காளி வீட்டுப் பொறாமையும் இருக்கும், நிறைவேறாத ஆசையும் இருக்கும். எல்லாம் கலந்த மனுஷிதான் அம்மா. தெய்வம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோவது நமக்குச் சௌகரியம். தெய்வத்திடம் யாரும் 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்பதில்லை. வரம்தான் கேட்பார்கள்.

அலங்காரத்தின் புதிர் எனக்கு முழுசாக அவிழ்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் ஏன் நிறுத்தவில்லை என்ற பாதிக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஜானகிராமனும் சொல்லவில்லை. ஒருவேளை அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அப்பு கேட்காமல் விட்ட கேள்வியை நாம் நம்ம வீட்டில் கேட்கலாம். அதற்கு வேத பாடசாலையும் வேண்டாம், நாவலும் வேண்டாம். ஒரு சாயங்கால நேரம், இரண்டு டம்ளர் காபி போதும்.

தம்பி தங்கைகளே, நம்ம கல்லூரி நூலகத்தில் தமிழ் அலமாரி ஒன்று இருக்கிறது. கேட் பரீட்சைப் புத்தகம் தேடிப் போகும்போது அந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 'அம்மா வந்தாள்' இல்லையென்றால், சங்கத்தின் சார்பில் இரண்டு பிரதி வாங்கிப் போட நான் பொறுப்பு. செயலாளர் அண்ணன் தலையாட்டுகிறார், எல்லாரும் சாட்சி. படித்துவிட்டு என்னோடு சண்டை போட வாருங்கள். நான்காவது கட்சி ஒன்று ஆரம்பித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

சாப்பாடு தயார் என்று சொல்கிறார்கள்.